கம்பிக் கயிறு

"ரம்பத்தைக் கேட்டா, கூட என்ன எழவை கட்டி அனுப்பியிருக்க?" பீச் என்ற நெடிய காட்டு மரத்தின் உச்சியிலிருந்து கெதின் கத்தினான்.

"நீ வண்டியில விட்டுட்டுப் போன கம்பிக் கயிறு," என்றாள் கீழே நின்ற அவன் அக்கா நெரிஸ். "மொதல்ல அதை மாட்டு. அப்புறம் ரம்பத்தைத் தொடு."

"அதான் நைலான் கயிறு மாட்டியிருக்கேனே! இந்தக் கனம் இடுப்பை ஒடிக்குதுக்கா."

"அப்ப கிளையைப் பல்லால கடிச்சுப் போடு."

மேலே முணுமுணுப்பு கேட்டது. பிறகு கொக்கி மாட்டும் சத்தம். உச்சியை அறுக்கும்போது அதற்கு மேலே கயிறு கட்ட இடம் கிடையாது. தண்டைச் சுற்றி இடுப்பில் மாட்டியிருப்பதுதான் ஆளைத் தாங்க வேண்டும். ரம்பம் ஓடுவதும் அதற்கு ஒரு சாண் மேலேதான்.

மோட்டார் ரம்பம் உறுமியது. உச்சி முறிந்து தோட்டத்தில் விழுந்தது. நெரிஸ் மூச்சு விடுவதற்குள் இரும்பு கிறீச்சிட, ரம்பம் நின்றது. அவள் பூட்ஸின் மேல் ஏதோ தொப்பென்று விழுந்தது. அறுந்த நைலான் கயிற்றின் ஒரு துண்டு.

அவள் நிமிரவில்லை. அடுத்து அவன் விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா." குரல் அவனுடையதுபோலவே இல்லை. "கம்பியில பட்டு ரம்பச் சங்கிலி மழுங்கிடுச்சு. வேற ரம்பம் அனுப்பு."

கம்பிக் கயிறு கனக்குதாடா என்று கேட்க வாயெடுத்தாள், கேட்காமல் குனிந்தாள். அடுத்த ரம்பத்தை எடுத்துக் கட்டப்போனாள். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு, கைக்கு வரவேயில்லை.