இரண்டு ஐக்கியங்கள்

ஏரம்புவின் உடலைக் கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டி முடிப்பதற்குள்ளேயே வாசல் படலையின் இரு பக்கமும் இரண்டு பதாகைகள் கட்டியாகிவிட்டன. வலப்பக்கம் 'ஐக்கிய கடற்றொழிலாளர் சங்கம்'. இடப்பக்கம் 'கடற்றொழிலாளர் ஐக்கிய முன்னணி'. ஒன்றில் ஏரம்பு சங்கத்தின் தூண். மற்றதில் முன்னணியின் இணையற்ற தோழன். மீனாம்பிகைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். தலைவாசலில் இருந்தபடியே இரண்டையும் வாசித்தாள். அவளுடைய புருஷன் இரண்டிலும் இருந்தவனில்லை.

முன்பு ஊரில் ஒரு சங்கம்தான் இருந்தது. ஏரம்புவின் தமையன் கனகரத்தினம் அதற்குத் தலைவர், அவருடைய சிநேகிதர் நமசிவாயம் செயலாளர். இரண்டு பேரும் அலைந்து திரிந்து ஊருக்குப் பொதுவாக எஞ்சின் பூட்டிய படகு ஒன்று எடுத்தார்கள்; ஊர்வாயில் அது 'போட்டு'. அதற்கு 'ஒற்றுமை' என்று பெயர் எழுதி, பொங்கிப் படைத்துக் கடலில் இறக்கினார்கள். அதை யார் ஓட்டுவது, யாருடைய மீன்வாடிக்கு முன்னால் கட்டுவது என்பதில் வாய்த்தர்க்கம் தொடங்கியது. நமசிவாயம் பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போனார். பிரிந்தவர்கள் வாசிகசாலையில் கூடி ஒரு பின்னேரம் முழுக்கத் தங்களுக்குப் பெயர் தேடினார்கள். கழகம் என்றால் கட்சிக்காரரின் பெயர் போலிருக்கும். மன்றம் என்றால் பொடியள் நாடகம் போடுகிற இடம். ஒன்றியம் யாருக்கும் விளங்காது. கடைசியில் முன்னணி என்று முடிவாயிற்று. 'ஐக்கியம்' என்ற சொல்லை மட்டும் இரண்டு பகுதியும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேடிக்கை பார்க்கப் போன ஏரம்பு, வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சோறு புரைக்கேறி, மீனாம்பிகை அவன் உச்சியில் தட்ட வேண்டியிருந்தது.

"சேருறதுக்கு எங்களிட்டை எத்தினை சொல் இருக்கு எண்டு பார். கரைவலை இழுக்கேக்கை ஆரும் பேர் வைச்சுக்கொண்டே வந்து பிடிக்கிறாங்கள்?" என்றான்.

போட்டு துறையில் இரும்புச் சங்கிலியில் கிடந்தது. சங்கிலியில் சங்கத்தின் ஆமைப்பூட்டு ஒன்று, முன்னணியின் ஆமைப்பூட்டு ஒன்று. ஏரம்பு இரண்டு வீட்டுக்கும் நடந்து சமாதானம் பேசிப் பார்த்தான். தமையன் அவனைக் காட்டிக்கொடுப்பவன் என்றார். நமசிவாயம் உளவு பார்க்க வந்தவன் என்றார். அதன்பிறகு அவன் தன் சின்ன வள்ளத்தோடு தன்பாட்டில் தொழிலுக்குப் போய் வந்தான்.

நேற்று விடிவதற்கு முன்பே கடலுக்குப் போனவன் மத்தியானமாகியும் திரும்பவில்லை. காற்று கிளம்பி, கரைக்கு அப்பால் பாறைத்திட்டான பாரில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. போட்டை எடுத்துப் போய்த் தேடச் சொல்லி மீனாம்பிகை முதலில் கனகரத்தினத்திடம்தான் ஓடினாள். கேட்டதும் அவருடைய முகம் வெளிறிப் போனது உண்மை. எழுந்து பூட்டின் திறப்பையும் கையில் எடுத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார்.

"எங்கடை பூட்டை நான் இப்பவே திறப்பன், பிள்ளை. நமசிவாயம் தன்ரையைத் திறப்பானோ எண்டு கேட்டுக்கொண்டு வா. நாங்கள் முதல் திறந்தால் போட்டை விட்டுக்குடுத்ததாப் போயிடும்."

அவள் நமசிவாயத்திடம் ஓடினாள். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஏரம்பு தனக்குப் பிறத்தியானில்லை என்றார், தன் மடியில் வளர்ந்தவன் என்றார். ஆனால் முன்னணி தன்னுடைய தனிச்சொத்தில்லை, செயற்குழு கூடித்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். அவள் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, குழுவைக் கூப்பிட ஒருவனைச் சைக்கிளில் அனுப்பினார். அவள் மறுபடி தமையனிடம் போனாள், மறுபடி இங்கே வந்தாள். ஈரமணலில் ஓடி ஓடிக் கால் சோர்ந்தது. அயலவர்கள் கொண்டுபோன கட்டுமரங்களைப் பாரடியில் அலை திருப்பி எறிந்தது. குழு கூடி, யார் தலைமை வகிப்பது என்று பேசிக்கொண்டிருக்கையில் பொழுது பட்டது.

விடிந்தபோது ஏரம்பு கிழக்குக் கரையில் கிடந்தான். தலைமயிருக்குள் சாதாளைப் பாசி சிக்கியிருந்தது.

இப்போது முற்றத்தில் அடுத்த கதை தொடங்கியிருந்தது. பாடைக்கு முன்னால் எந்தப் பதாகை போவது? செத்தவீடு என்பதால் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மீனாம்பிகை அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். சந்தி வரைக்கும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகட்டும் என்று வெகு சீக்கிரத்தில் இணங்கிவிட்டார்கள். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இரண்டும் சேர்ந்து போக இடம் காணாது என்றதும் அயல்வீட்டு வேலியில் நாலு பாக நீளத்தை வெட்டிச் சரித்தார்கள். ஒருவரும் செயற்குழுவைக் கூப்பிடவில்லை.

எரித்த சாம்பலை அள்ளுகிற காடாத்து அன்று இன்னொரு முடிவும் வந்தது. ஏரம்புவின் சாம்பலை 'ஒற்றுமை'யில் கொண்டுபோய் ஆழக்கடலில் கரைப்பது, இரண்டு பகுதியும் ஒன்றாகப் போவது. துறையில் சனம் திரண்டு நின்றது. கனகரத்தினமும் நமசிவாயமும் தோளோடு தோள் குனிந்து ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். சங்கிலி சளாரென்று விழுந்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது.

கனகரத்தினம் சாம்பல் இருந்த மண்முட்டியை ஏந்தியபடி திரும்பினார். "ஏறு பிள்ளை. எல்லாரும் ஒண்டா வந்து நிக்கினம்."

மீனாம்பிகை ஏறவில்லை. கீழே கிடந்த சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூட்டுத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது, அண்ணை?"

நமசிவாயம்தான் முன்னால் வந்தார். "உதுகள் இப்ப கதைக்கிற நேரமில்லை, தங்கச்சி."

"அண்டைக்கும் உப்பிடித்தான் சொன்னியள்" என்றாள் அவள்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. புழு நெளிகிற மீனைக் கையில் எடுத்துவிட்டாற்போல உடம்பெல்லாம் கூசியது. தமையனின் கையிலிருந்து முட்டியை வாங்கினாள். அவர் பிடியை விடாமல் நின்றார், அவள் அவருடைய கண்ணையே பார்த்தாள், அவர் விட்டுவிட்டார். பெண்பிள்ளை செய்கிற காரியமில்லை என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. அவள் போட்டைத் தாண்டி நடந்து கடலுக்குள் இறங்கினாள். பக்கத்து வீட்டு இரத்தினம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கினாள். அவளைக் கண்டு இன்னும் சில பெண்கள் இறங்கினார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று மீனாம்பிகை முட்டியைச் சரித்தாள். சாம்பல் சட்டென்று தாழவில்லை. மெல்லிய ஒரு படலமாக அவளைச் சுற்றியே மிதந்தது.

கரையில் யார் மேல் பிழை என்று இரண்டு பகுதியும் பேசத் தொடங்கிவிட்டது அவளுக்குக் கேட்டது. எஞ்சினை நிறுத்த ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆளில்லாத போட்டு நின்ற இடத்திலேயே இரைந்து புகை கக்கியது. அதன் அடியிலிருந்து கசிந்த எண்ணெய், நீலமும் மஞ்சளுமாக மினுங்கியபடி, அலையோடு அலையாகச் சாம்பலை நோக்கி வந்தது. மீனாம்பிகை குனிந்து இரண்டு கைகளாலும் எண்ணெயைத் தள்ளினாள். அது விலகி, கை எடுத்ததும் திரும்பி வந்தது. இரத்தினம்மாவும் மற்றப் பெண்களும் வந்து அவளைச் சுற்றி நின்று தண்ணீரை அடித்து அடித்துத் தள்ளத் தொடங்கினார்கள்.