ஆர்னே தடுத்த பெனால்டி

பதினான்கு மாதமாக ஆர்னே ஹோல்ட்காம்ப் மாற்று வீரர்களின் பெஞ்சைத்தான் சூடாக்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் பிரிவு லீகில் ஆடும் வீசென்ரோடே அணிக்கு அவன் இரண்டாவது கோல்கீப்பர். வயது பத்தொன்பது. முதல் கோல்கீப்பர் மிலோஷுக்கு முப்பத்து நான்கு. அந்த மனுஷனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கையில், தொடைத் தசை கிழிந்தது. ஈரப் புல்லில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டார். கோல்கீப்பர்களுக்கான பயிற்சியாளர் டீட்மார் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? கையுறைய மாட்டு!"

பார்வையாளர் வரிசையில் அம்மா ஜில்கே இருந்தாள். மகன் ஆடவே மாட்டான் என்று தெரிந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறவள். ஆர்னே கோலை நோக்கி ஓடுவதைப் பார்த்து, கையிலிருந்த சாஸேஜ் ரொட்டியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

முதல் பந்து அவன் மார்பில் வந்து அடங்கியது. இரண்டாவதைக் கம்பத்துக்கு வெளியே தட்டிவிட்டான். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. "என்னோடது!" என்று கத்திக்கொண்டே குதித்தான். ஒரு முழங்கால் அவன் முகத்தை நோக்கி வந்தது.

அதற்கடுத்து அவன் பார்த்தது வெள்ளை விட்டம். ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

"ஊரே உன்னத் தலைல தூக்கி வச்சு ஆடுதுடா."

"எதுக்கு?"

"போடா, வெளயாடாத."

"நெஜமாத்தான்மா. என்ன ஆச்சு? கார்னர் கோலாயிடுச்சா?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து போய் நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையில் பட்ட அடியால், அதற்குப் பிறகு நடந்த எதுவும் நினைவில் பதியவில்லை என்றார் டாக்டர்.

அன்று மாலை, வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், அம்மாவின் போனில் ஆட்டத்தின் வீடியோவை இரண்டு நிமிடம் பார்த்தான். விழுந்து கிடந்தவன் எழுந்து நிற்கிறான். மருத்துவ உதவியாளர் ஏதோ கேட்கிறார், இவன் தலையாட்டுகிறான், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். பிறகு எண்பத்தெட்டாவது நிமிடம், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இவன் அணி முன்னிலை, எதிரணிக்குப் பெனால்டி. இவன் இடது பக்கம் பாய்ந்து விரல் நுனியால் பந்தைத் தட்டிவிடுகிறான். மற்ற பத்துப் பேரும் இவன் மேல் விழுகிறார்கள்.

ஆர்னே திரையைக் கவிழ்த்து வைத்தான். சிறுவயதிலிருந்து அவன் கனவு கண்ட நாள் அது. அந்த நாளில் அவன் இல்லை.

அதன்பின் வந்த வாரங்கள் ஜன்னலை மூடிய அறைக்குள் கழிந்தன. வெளிச்சம் பட்டால் குமட்டியது. அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. உருளைக்கிழங்கு சூப்பைத் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. டிசம்பர் கடைசியில் ரொட்டிக் கடைவரை நடந்து போனபோது கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடது பக்கம்னு எப்படி தம்பி தெரிஞ்சுது?"

"அவன் ஓடி வந்த விதத்த வச்சுத்தான்" என்றான் ஆர்னே.

எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். எல்லோருக்கும் அதையேதான் சொன்னான். சொல்லச் சொல்லப் பொய் மெருகேறியது, நினைவு மட்டும் வரவில்லை.

மிலோஷ் ஒருவரிடம்தான் உண்மையைச் சொன்னான். தாங்குகட்டையோடு மாடியேறி வந்திருந்தார் அவர்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல மிலோஷ். வேற எவனோ என் சட்டையப் போட்டுக்கிட்டு ஆடுன மாதிரி இருக்கு."

மிலோஷ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இடைவேளைல நீ எங்கிட்ட வந்து மூணு தடவ ஸ்கோர் கேட்ட, பொடியா. பதட்டத்துல கேக்கறேன்னு நெனச்சேன். டீட்மார் உங்கிட்ட கேட்டாரு, வெளிய வந்துர்றியான்னு. பெஞ்சுல வேற கீப்பர் இல்ல. மூணாவது பையன் இளையோர் டீமோட வெளியூர் போயிருந்தான். நீதான் ஆடறேன்னு சொன்ன."

"நானா சொன்னேன்?"

"ஆமா. சத்தமாவே சொன்ன."

அதுதான் ஆர்னேயை உலுக்கியது. யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தால், சம்மதம் சொன்னவனே அவன்தான். அன்று ஆடிய அந்த அவனிடம் போய் ஏன் சொன்னாய் என்று கேட்கவும் வழியில்லை.

பிப்ரவரியில் டாக்டர் பயிற்சிக்கு அனுமதித்தார். டீட்மார் முதலில் கையால் பந்தை எறிந்தார். பிடித்தான். காலால் மெதுவாக உதைத்தார். அதையும் பிடித்தான். "பாத்தியா, ஒண்ணும் போகலடா" என்றார் டீட்மார். அவர் குரலில் வேண்டுதல் இருந்தது. அடுத்த பந்து முகத்துக்கு நேராக வந்தது. கை எழவில்லை. தலை தானாகத் திரும்பிக்கொண்டது. பந்து காதை உரசி வலைக்குள் போனது.

"இன்னொண்ணு" என்றான் ஆர்னே.

அதுவும் போனது. பயம் இல்லை என்று அவன் சத்தியம் செய்வான். கைக்குச் சொன்ன சொல் கைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். டென்னிஸ் பந்து, பலூன், நுரைப்பந்து என்று இரண்டு மாதம் டீட்மார் எதையெதையோ எறிந்து பார்த்தார். இடுப்புக்குக் கீழே வந்த எதையும் ஆர்னே விடவில்லை. கழுத்துக்கு மேலே வந்த எதையும் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் கிளப் வெளியிலிருந்து ஒரு கோல்கீப்பரைக் கொண்டுவந்தது. மே மாதம், ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று ஆர்னேயிடம் சொன்னார்கள். டீட்மார் வாகனம் நிறுத்துமிடம்வரை கூடவே வந்தார்.

"அன்னிக்கு நான் ஒன்ன வெளிய எடுத்திருக்கணும்டா. கேட்டிருக்கவே கூடாது. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும்."

இதற்காக ஆறு மாதம் காத்திருந்தான் ஆர்னே. இதைக் கேட்டால் ஏதாவது ஆறும் என்று நினைத்திருந்தான். அவர் கண் கலங்கி நின்றதைப் பார்த்ததும், "விடுங்க, நான்தானே ஆடறேன்னு சொன்னேன்" என்று அவனே அவரைத் தேற்றும்படி ஆயிற்று.

ஆகஸ்டில் ஆறாம் பிரிவில் ஆடும் ஒரு சின்ன ஊர் அணியில் சேர்ந்தான். பெனால்டியைத் தடுத்தவன் வருகிறான் என்று முதல் ஆட்டத்துக்கு இருநூறு பேர் கூடினார்கள். உயரப் பந்து மூன்று வந்தது, மூன்றும் கோல். தடுப்பாட்டக்காரர் ஒருவர், வார நாட்களில் கூரை வேலை செய்கிறவர், அவன் முதுகில் தட்டினார். "பரவால்ல தம்பி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரமும் அப்படித்தான். எதிரணிகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எல்லோரும் தலைக்கு நேராகவே அடித்தார்கள். ஒன்பது ஆட்டம் கோலில் நின்றான். ஒன்பதாவதில், பந்து வலைக்குள் போன பிறகுதான் தன் இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் எழுந்து நிற்பதைப் பார்த்தான். அவை எப்போது எழுந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை.

கோலுக்குப் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். ஆர்னே வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து, ஆட்டம் மறுபடி தொடங்க நடுவட்டத்தைப் பார்த்து உதைத்தான்.