தேஜஸ்ரீ சொல்லச் சொல்ல மடிச்ச தவளை

எம் மவ தேஜஸ்ரீக்கு வீட்டுல வாய் ஓயாது. பக்கத்து ரூம்ல குழம்பு கொதிச்சா, அதுல புளி தூக்கலா குறைச்சலான்னு இங்க இருந்தே சொல்லுவா. அதே புள்ள பள்ளிக்கூட வாசலை மிதிச்சதும் கப்சிப். சங்கரன்கோவில்ல இருந்து திருப்பூர் வந்து மூணாங்கிளாஸ்ல சேத்ததுல இருந்து அங்க ஒரு வார்த்தை பேசல. யாராவது மூஞ்சியைப் பாத்து ஒண்ணு கேட்டாப் போதும், உதடு ஒட்டிக்கிடும்.

பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டாக. "முழுப்பரீட்சைல வாயத் தொறந்து இங்கிலீஷ் வாசிக்கலீன்னா வேற ஸ்கூல் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டாக. அதோட விட்டாகளா? "புள்ளைக்குக் காது கேக்குதுங்களா?"ன்னு ஒரு கேள்வி வேற.

அனிதா டீச்சர்னு ஒருத்தக ஞாயித்துக்கிழமை இங்கிலீஷ் பேசச் சொல்லிக்குடுக்காகன்னு, நான் தைக்கப் போற பனியன் கம்பெனியில எம் பக்கத்து மிஷின்காரி சொன்னா. கொண்டு போய்ச் சேத்தேன். என்னட்டி படிச்சேன்னு கேட்டா, பையில இருந்து காகிதக் கப்பலை எடுக்கா. அடுத்த வாரம் தொப்பி. அதுக்கடுத்து தவளை, பின்னாடி தட்டினா துள்ளுது. வீடு முச்சூடும் தவளை! "இங்கிலீஷ் எங்கட்டி?"ன்னா சிரிக்கா. எங்க வீட்டுக்காரர் மாரிச்செல்வம், "கப்பல் செய்யணும்னா நானே சொல்லிக்குடுத்திருப்பேனே"ன்னு நக்கல் வேற பண்ணுனாரு. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிருச்சு.

அந்த ஞாயிறு ஓவர்டைம் வேண்டாம்னு சொல்லிட்டு நானும் அவகூட டவுன் பஸ்ல ஏறுனேன். நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்னுதான் போனேன்.

அனிதா டீச்சர் வீட்டு மொட்டை மாடியில தகரம் போட்டிருந்தாக. பிள்ளைக ரெண்டு ரெண்டு பேரா, முதுகோட முதுகை ஒட்டி உக்காந்திருந்துச்சுக. ஒண்ணு சொல்லணும், இன்னொண்ணு அதைக் கேட்டு மடிக்கணும். திரும்பிப் பாக்கக் கூடாது. இங்கிலீஷ் மட்டுந்தான் பேசணும். அதான் விளையாட்டாம்.

"ஏங்க டீச்சர், காகிதம் மடிக்கவா நான் புள்ளைய அனுப்புதேன்?"னு ஆரம்பிச்சேன்.

"உக்காருங்கக்கா"ன்னு பழைய காலண்டர் தாள் ஒண்ணைக் கையில திணிச்சாக. "தேஜுவோட ஜோடி இன்னைக்கு வரலீங்க. நீங்க மடிங்க. என்ன ஆனாலும் திரும்பாதீங்க."

சண்டைக்குப் போனவ சம்மணம் போட்டு உக்காந்தேன். எம் மவ முதுகு எம் முதுகுல ஒட்டுச்சு.

"ஃபோல்ட் இட் இன் ஹாஃப்."

யாரு பேசுதா? சத்தியமா வேற புள்ளைன்னுதான் நெனச்சேன். ஆனா குரல் எம் முதுகுல அதிருதே! எம் மவதான்! சடார்னு திரும்பிட்டேன். அவ எம் மூஞ்சியைப் பாத்தா. உதடு ஒட்டிக்கிடுச்சு. அடப் பாவி, நானே கெடுத்தேனே!

டீச்சர் எந் தோளைப் பிடிச்சு முன்பக்கமாத் திருப்பி விட்டாக. தாளைப் பாதியா மடிச்சு வச்சுக்கிட்டுக் காத்துக்கிடந்தேன். கீழ ரோட்டுல கம்பெனி வேன் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

"அம்மா... ஓப்பன் இட்."

தொறந்தேன். "கார்னர் டு தி சென்டர்"னா. கார்னர், சென்டர் எல்லாம் கம்பெனியில நாள் பூரா காதுல விழுறதுதான். மடிச்சேன். "நோ ஹரி அம்மா, ஸ்லோ"ன்னா. தாள் சத்தத்தை வச்சே நான் அவசரப்படுததைக் கண்டுபிடிச்சிருக்கா! ஒரு இடத்துல அவ சொன்னது எனக்கு விளங்கல. சும்மா இருந்தேன். வேற மாதிரி சொன்னா. அதுவும் விளங்கல. கொஞ்சம் யோசிச்சா. "புட் இட் இன்சைட், அம்மா. லைக் அப்பா ஷர்ட்"னா. சட்டையை இன் பண்ணுத மாதிரி உள்ள சொருகுனேன், சரியா உக்காந்துச்சு.

ஆத்தாடி! மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற புள்ளைக்கு இப்படி மாத்தி மாத்திச் சொல்ல வருமா? இத்தனையையும் இவ எங்க வச்சிருந்தா? யாரும் மூஞ்சியைப் பாக்காம இருந்தாப் போதும், இவ பேசிருவான்னு பெத்தவளுக்குத் தெரியல, அந்த டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கு.

தவளை முடிஞ்சுது. நான் திரும்பல. இனி எவ சொன்னாலும் திரும்ப மாட்டேன்னு கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். அவளே எந்திரிச்சு எம் முன்னால வந்து குத்தவச்சா. தவளையை வாங்கி அப்படியும் இப்படியும் பாத்தா. பிள்ளைக எல்லாம் எங்களையே பாக்குதுக. அவ நிமிந்து எம் மூஞ்சியைப் பாத்தா, நேருக்கு நேரா.

"ராங், அம்மா. ஒன் லெக் இஸ் ஷார்ட். ஓப்பன் இட். டூ இட் அகெய்ன்."

கண்ணுல தண்ணி முட்டிருச்சு. எம் மவளைப் பாத்து, "சரிங்க டீச்சர்"னு சொல்லிட்டு மடிப்பைப் பிரிச்சேன்.