காத்தாயியின் மூன்று மாதம்

சபை தொடங்கி நூற்றிருபத்தைந்து வருஷம் ஆகிறது, வரலாறு எழுத ஆள் வேண்டும் என்று பேச்சு வந்ததும் மற்ற ஏழு மூப்பர்களும் கலைச்செல்வியைத்தான் பார்த்தார்கள். வேலை என்று வந்தால் மட்டும் பெண் மூப்பர் ஞாபகத்துக்கு வந்துவிடுவாள். செஞ்சிப் பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். அதோடு, சபையைத் தொடங்கிய சாலமோன் உபதேசியாரின் கொள்ளுப்பேத்தி. அவர் பெயர் வெட்டிய கல் ஏற்கெனவே தயாராகிவிட்டது, திறக்க வேண்டியதுதான் பாக்கி.

பிரஸ்பிட்டேரியன் வழியில் வந்த சபை இது. ஆயர் தன்னிஷ்டத்துக்கு ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. கூரைக்கு ஓடு மாற்றுவதிலிருந்து அப்பம் பகிரும் திருவிருந்துக்கு யார் வரலாம் என்பதுவரை மூப்பர்கள் கூடி வாயாடித் தீர்மானிப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள். எழுதாதது நடக்காதது.

பழைய நோட்டுகள் இருந்த தகரப் பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தவர் பாவாடை. மணியடிப்பது, பெருக்குவது, திருவிருந்துக்கு அப்பம் வெட்டி வைப்பது எல்லாம் நாலு தலைமுறையாக அவர் குடும்பத்து வேலை. ஞாயிறு தவறாமல் வீட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். ஆனால் திருவிருந்து வேளையில் அந்த வரிசை மட்டும் எழுந்திருக்காது. கேட்டால், பழக்கமில்லை என்பார். அடக்கமான மனுஷன் என்று சபை அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்து, சும்மா இருந்துவிட்டது.

முதல் நோட்டிலேயே ஒரு சங்கதி இடித்தது. முதல் ஜெபம் நடந்தது சிங்கவரம் பாதையில் இருந்த காத்தாயியின் மாட்டுக்கொட்டகையில். முதல் ஞானஸ்நானமும் அவளுக்குத்தான். வீட்டில் யாரும் கலைச்செல்விக்கு இதைச் சொன்னதில்லை.

மூன்றாவது நோட்டில், 1912 மே மாதக் கூட்டத்தில், உபதேசியாரின் முத்து முத்தான கையெழுத்து: "காத்தாயி அம்மன் கோயில் தீமிதிக்குப் போனாள். தம்பியின் வெந்த காலுக்குக் கற்றாழை வைத்துக் கட்டப் போனதாகச் சொல்கிறாள். மூன்று மாதம் திருவிருந்து நிறுத்தப்படுகிறது. அதன்பின் மூப்பர்கள் பெயர் சொல்லி அழைக்கும்போது வரக்கடவள்."

ஆகஸ்ட் கூட்டத்தில் மதில் சுவர்ச் சண்டை. செப்டம்பரில் ஆர்மோனியம். காத்தாயி எங்கும் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி 1931-க்கு வந்தபோது ஒரே ஒரு வரி, அவளை அடக்கம் செய்ததாக. பத்தொன்பது வருஷம் மறந்தே போயிருக்கிறார்கள். பகை என்றாலாவது எதிர்த்துச் சண்டை போடலாம், மறதியோடு யார் மல்லுக்கு நிற்பது? கலைச்செல்விக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

காத்தாயி யார் என்று பாவாடையைக் கேட்டாள்.

"எங்க தாத்தாவப் பெத்தவங்க. கூப்புடறோம்னு சொன்னாங்களாம், கூப்புடல. அவங்க போவாத எடத்துக்கு நாம எப்டி போறதுன்னு தாத்தா இருந்துட்டாரு. அப்டியே வந்துட்டுது." பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் எழுதாதீங்க டீச்சர். உபதேசியார் பேரு கெட்டுப்பூடும்."

அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது. இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. எழுதினால் நாலு தலைமுறை கட்டிக் காத்த பெயர் போகும். எழுதாவிட்டால் கடைசி வரிசை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

மூப்பர் கூட்டத்தில் நோட்டைப் பிரித்து வாசித்து, அன்று விட்டுப்போன அழைப்பை இப்போது விட வேண்டும் என்றாள். செயலாளர் சேரன் தலையைச் சொறிந்தார். செத்துத் தொண்ணூறு வருஷம் தாண்டியவளுக்கு எந்த விதிப்படி அழைப்பு விடுவது என்றார்.

"தடைய போட்டது எங்க தாத்தாவோட நைனா. எடுக்கச் சொல்றது நானு. எழுதுங்க," என்றாள் கலைச்செல்வி. சேரன் எழுதினார்.

விழா ஞாயிறன்று வரலாற்றை ஒரு வரி விடாமல் வாசித்தாள். முன்வரிசையில் அவள் தம்பி தலை குனிந்துகொண்டான். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திருவிருந்து வந்தது. மேசையருகே நின்று பெயர் சொல்லி அழைத்தாள்.

"காத்தாயி."

சபை திரும்பிப் பார்த்தது. பாவாடை வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேரை முன்னே விட்டுக் கடைசியாக வந்தார்.

அப்பம் குறைந்துகொண்டே வந்தது. காலையில் வெட்டி வைத்தவர் அவர்தான். வழக்கம்போலத் தன் வீட்டை எண்ணவில்லை. மூப்பர்கள் கடைசியில்தான் எடுத்துக்கொள்வார்கள். மற்ற ஏழு பேரும் தங்கள் பங்கை விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். பாவாடை வந்து நின்றபோது தட்டில் ஒரே ஒரு துண்டு இருந்தது. கலைச்செல்வி தட்டை நீட்டினாள்.

அவர் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார். "உங்களுக்கு?"

"நீங்க எடுத்துக்கங்க. எனக்கு அப்பறமா," என்றாள். "நீங்க கூப்புடும்போது வரேன்."