டிரிப் ஆகாத நாட்கள்

எங்கள் வீட்டுக்கு நான்கு சக்கரம். அதைக் கேட்டதும் "ஆஹா, ஜாலிதான்" என்பார்கள். இருபத்திரண்டு அடித் தகரப் பெட்டிக்குள் மூன்று பேர், மழைக்காலத்தில், ஐந்து வாரம் இருந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

பழைய வேன்களுக்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் பொருத்தி வீடாக மாற்றித் தரும் பட்டறை ஒன்றில் என் வீட்டுக்காரர் வயரிங் வேலை பார்க்கிறார். அந்த வேன்களுக்கு மெத்தையும் திரையும் இருக்கை உறையும் தைப்பது நான். எங்கள் சொந்த வேன் பட்டறை முற்றத்திலேயே நிற்கும். மின்சாரத்துக்காகப் பட்டறைச் சுவரிலிருந்து ஒரு தடித்த கேபிள் வந்து அதன் இடுப்பில் செருகியிருக்கும். கதவு முன்பக்கம், கதவை ஒட்டி என் தையல் மேஜை. நடுவில், அடியில் பெட்டி வைத்த இருக்கை. கடைசியில் கட்டில், கட்டிலுக்குப் பின்னால் அவசர ஜன்னல். அவ்வளவுதான், வீட்டைச் சுற்றிக் காட்டியாகிவிட்டது.

கட்டிலில் என் நாத்தனார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து தொடை வரை மாவுக்கட்டு. அவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. அண்ணன் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கு ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை. இங்கே வந்ததும் புகார் சொல்கிற வேலையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, காத்து வருது." இதுதான் முதல் புகார். அவசர ஜன்னலின் ஓரத்தில் ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை காற்று வந்தது. ஐந்தாம் நாள் என் பொறுமை போய்விட்டது. இரண்டு அடுக்கு ஃபோம், மேலே ரெக்சின் என்று கனமாக ஒரு பலகை மாதிரி தைத்து, பின் அடிக்கும் துப்பாக்கியால் ஜன்னலைச் சுற்றி டக் டக்கென்று அடித்தேன். நூறு பின்னுக்கு மேல். ஜன்னலைத் திறக்கிற சிவப்புக் கைப்பிடியும் அதற்குள் போய்விட்டது.

சாயங்காலம் அவர் பார்த்தார். "அந்த ஜன்னல மூடக்கூடாதும்மா. அவசரத்துக்கு வேணும்."

"மழை நிக்கட்டும், பிடுங்கிடுறேன். அதுவரைக்கும் உங்க தங்கச்சி வாய் மூடியிருக்கட்டும்."

அவர் பட்டறைப் பக்கம் திரும்பி நடந்தார். என் வீட்டுக்காரர் பொல்லாத மனிதர் இல்லை. அவருடைய குறையே அதுதான். யாராவது குரலை உயர்த்தினால் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார்.

அடுத்தது ஹீட்டர். கட்டிலோரம் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. எனக்கோ இஸ்திரிப் பெட்டி வேண்டும், கெட்டில் வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாகப் போட்டால் டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற பிரேக்கர் 'டப்' என்று டிரிப் ஆகி விழுந்து, வேன் முழுக்க மின்சாரம் போய்விடும். "பத்து ஆம்பியர்தான். அதுக்கு மேல இந்த வயர் தாங்காது" என்று அவள் வந்த அன்றைக்கே அவர் சொல்லி வைத்திருந்தார். அதனால் ஒரு வழக்கம் உண்டானது. நான் "கெட்டில்!" என்று கத்துவேன். அவள் ஹீட்டரை அணைத்துவிட்டு "ஆஃப்!" என்று கத்துவாள். வேலை முடிந்ததும் நான் "முடிஞ்சது!" என்பேன். கப்பல் ஓட்டுகிறவர்கள் மாதிரி நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தோம். முற்றத்தில் பட்டறைப் பெயிண்டர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

நான்காவது வாரம் அந்தச் சண்டை வந்தது. என்னிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலம், கனமானது, ரெக்சினை வெண்ணெய் மாதிரி வெட்டும். அதால் துணி தவிர வேறு எதையும் வெட்டக் கூடாது. காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும். என் வீட்டுக்காரரே அதைத் தொட என்னிடம் கேட்பார். அன்றைக்கு அதைக் கட்டிலோரம் மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால், நாத்தனார் அதை மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் அதாலேயே வெட்டிய மாத்திரை அட்டை.

எனக்கு உச்சி மண்டை வரை ஏறிவிட்டது. "அடுத்தவங்க பொருளத் தொடுறியே, உனக்குன்னு வீடு வாசல் இல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கத்தரிக்கோலை வெளியே எடுத்து வைத்தாள். அப்புறம், "இது மட்டும் வீடா அண்ணி?" என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. கட்டிலுக்கு முன்னால் இருந்த திரையை அவள் இழுத்து மூடிக்கொண்டாள். அதுவும் நான் தைத்த திரைதான். சாப்பாட்டைத் திரைக்குக் கீழே தள்ளுவேன், காலித் தட்டு வெளியே வரும். வெளியே மழை. கதவைத் திறந்தால் சேறு, மூடினால் அவள் மூச்சுச் சத்தம். ஜெயிலில்கூட ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வெளியே நடக்க விடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் கழிப்பறைக்குக்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும், அதுவும் பேசாமல். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பேச்சில்லை என்றால் கத்தலும் இல்லை. நான் பாட்டுக்கு இஸ்திரி போடுவேன், அவள் பாட்டுக்கு ஹீட்டர். முதல் நாளே ஏழு தடவை 'டப்'. ஒவ்வொரு தடவையும் டிரைவர் சீட்டில் ஏறி நின்று, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே பிரேக்கரைத் தூக்கிவிடுவேன். சாயங்காலம் அவர் வந்தால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வோம். "உங்க தங்கச்சிக்குச் சொல்லி வைங்க" என்பேன் நான். "அண்ணிகிட்ட சொல்லுண்ணா" என்பாள் அவள், திரைக்குள்ளிருந்து. அவர் சோற்றைப் பிசைந்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாளிலிருந்து பிரேக்கர் விழவில்லை.

முதலில் எனக்கு ஆச்சரியம். கெட்டிலைப் போட்டேன், விழவில்லை. கூடவே இஸ்திரியும் போட்டேன், அப்போதும் விழவில்லை. புரிந்துவிட்டது. நான் வேலை தொடங்குகிற நேரம் பார்த்து அவள் ஹீட்டரை அணைத்துவிடுகிறாள், சொல்லாமலே. வீம்பு விடாமல் விட்டுக்கொடுக்கிறாள். முதல் நாள் எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு இருந்தது, மறைப்பானேன். ஐந்தாம் நாள் அந்தச் சிரிப்பு இல்லை. குளிரில் கிடந்துகொண்டு எனக்காக அணைக்கிறாளே என்று இருந்தது. தட்டோடு ஒரு போர்வையையும் தள்ளினேன். மறுநாள், கட்டிலுக்கடியில் கிடந்த என் பொத்தான் டப்பா திரைக்குக் கீழே வெளியே வந்தது. கலந்து கிடந்த நூற்றுக்கணக்கான பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்து, நூலில் கோத்து வைத்திருந்தாள். அன்றைக்கே பேசியிருக்கலாம். யார் முதலில் பேசுவது என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

பேச்சு நின்று ஒன்பதாம் நாள், காலை பதினோரு மணி. அவர் ஒரு வாடிக்கையாளரின் வண்டியைப் பார்க்க வெளியே போயிருந்தார். பெரிய திரை ஒன்றுக்கு மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் கெட்டில். ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் ஒன்றும் இல்லை. திரும்பினால் நடு இருக்கையின் பக்கவாட்டு ரெக்சின் பழுப்பாகிக் கொப்பளித்திருந்தது. அந்த இருக்கைப் பெட்டிக்குள்தான் வயரெல்லாம் போகிறது. வயருக்கு மேலே நான் திணித்து வைத்த ஃபோம் துண்டுகள். மூடியைத் தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது. பக்கென்று முகத்துக்கு நேராக வந்தது தீ.

கூரையில் அலாரம் வீறிட்டது. கதவோரம் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அமுக்கினேன். சின்ன சிலிண்டர், பத்து விநாடிதான் வந்தது. தீ தாழ்ந்தது, புகை தாழவில்லை. கறுப்பாக, கனமாக, கூரையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பின்னால் கதவு. புகைக்கு அந்தப் பக்கம் அவள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கால் அதற்குள் படியில் இருந்தது. "தீன்னா மொதல்ல கேபிளப் பிடுங்கு. வெளிய வந்துட்டா திரும்ப உள்ள போகாத" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கேபிளைப் பிடுங்கத்தான் இறங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பிடுங்கவும் செய்தேன். ஆனால் படியில் இறங்கும்போது என் மனதில் கேபிள் இல்லை, காற்றுதான் இருந்தது.

"அண்ணி!"

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. பின்பக்கம் ஓடினேன். கட்டிலோரம் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், நான்கு விரல் அளவுக்குத்தான் திறக்கும். அதில் அவள் வாயை வைத்து இருமிக்கொண்டிருந்தாள்.

"அவசர ஜன்னலத் திற! சிவப்புக் கைப்பிடியத் திருப்பு!"

"எங்க திருப்புறது? நீங்கதான் மூடிட்டீங்களே! பிய்க்க வரல அண்ணி!"

உள்ளே நகத்தால் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. வராது. என் கைவேலை எனக்குத் தெரியும். அங்குலத்துக்கு ஒரு பின், இரட்டை மடிப்பு. வாடிக்கையாளர்கள் என்னைத் தேடி வருவதே அதற்காகத்தான். கையை ஓங்கிச் சுவரில் அடித்தேன். அப்போதுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஓடுகிற ஓட்டத்தில் பணத்தை எடுக்கவில்லை, போனை எடுக்கவில்லை. மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்திருக்கிறேன். இருபது வருஷப் பழக்கம்.

ஜன்னல் இடுக்கில் அதை விட்டேன். "இந்தா! நடுவுல குத்தி, கீழ வரைக்கும் வெட்டு!"

அவள் வாங்கினாள். வாங்கியவள் அதை ஓங்காமல் என் பக்கம் திரும்பினாள். புகைக்குள் அவள் கண் தெரிந்தது. "வெட்டட்டுமா அண்ணி?" என்று கேட்டாள்.

சாகப்போகிற நேரத்தில் என்னிடம் அனுமதி கேட்கிறாள். "வெட்டுடி!" என்று கத்தினேன். அவளை நான் 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

வெட்டுகிற சத்தம் கேட்டது. இருமல், மறுபடி வெட்டு, பிறகு நீளமான ஒரு இருமல். சத்தம் நின்றது. நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு 'கடக்' என்று கைப்பிடி திரும்பியது. ஜன்னலின் அடிப்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வர, புகை முதலில் வந்தது, அடுத்து அவள் தலை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். மாவுக்கட்டு சட்டத்தில் மாட்டிக்கொண்டது. "வலிக்குது, வலிக்குது" என்றாள். "வலிக்கட்டும்" என்று இன்னும் பலமாக இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம், அவள் என் மேல். பெயிண்டர் பட்டறையின் பெரிய சிலிண்டரோடு எங்களைத் தாண்டி ஓடினார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து, தண்ணீர் அடித்து, எல்லாம் அடங்கிய பிறகுதான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நாங்கள் பட்டறை வாசலில், ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். அவர் எங்கள் இரண்டு பேர் தலையையும் தொட்டுப் பார்த்தார். அதற்குள் தீயணைப்பு அதிகாரி எங்கள் வேனிலிருந்து இறங்கி வந்தார். கையில் பாதி உருகிய பிரேக்கர்.

"பத்து ஆம்பியர் இருக்க வேண்டிய எடத்துல இருபத்தஞ்சு இருக்கு. வயர் வெந்தாலும் இது விழாது. இத யாரு மாத்தினது?"

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடாம நீங்களே கை வச்சீங்களா?"

"நான் எலக்ட்ரீஷியன்தான் சார்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பேரும் பேசாம போனீங்களே, மறுநாள் ராத்திரி மாத்தினேன். தெனமும் இதுக்கே சண்டை. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வீடு அமைதியா இருக்கட்டும்னு... ரெண்டு வாரந்தானேன்னு..."

நான் நாத்தனார் பக்கம் திரும்பினேன். "அப்போ நீ ஹீட்டர அணைக்கலையா?"

"இல்லையே. மழைச் சத்தத்துல கெட்டில் எதுவும் கேக்கல. நீங்கதான் எனக்காக கெட்டில் போடாம இருக்கீங்கன்னு நெனச்சேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அதுக்குத்தான் அந்தப் பொத்தான்" என்றாள்.

நானும் அதற்குத்தான் போர்வை கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. யாருமே விட்டுக்கொடுக்காத ஒன்றுக்காக ஏழு நாள் ஒருவர் மேல் ஒருவர் இரக்கப்பட்டிருக்கிறோம். அந்த ஏழு நாளும் நடுவில் அந்த வயர் சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. "எங்கள சண்டை போட விட்டிருக்கலாமேண்ணா" என்றாள்.

அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னால் சும்மா இருக்க முடியுமா? கல்யாணமான பதினேழு வருஷத்து ஆத்திரம் தொண்டை வரை வந்தது. ஊரான் வண்டிக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர், சொந்த வீட்டில் வாயை அடைக்க இருபத்தைந்தைப் போட்டாராம். "ஏங்க..." என்று ஆரம்பித்தேன்.

அதிகாரி இன்னும் போகவில்லை. அவர் கைக்கு வேறொன்று வந்திருந்தது. நடுவில் கிழிபட்ட ரெக்சின், சட்டத்தோடு பெயர்த்தெடுத்த ஓரமெல்லாம் பின் வரிசை, ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை.

"சரி, அவசர ஜன்னல் மேல இத அடிச்சது யாரு?"

போர்வைக்குள் நாத்தனாரின் கை என் கையைப் பிடித்தது. அவளுடைய மறு கையில் இன்னும் கத்தரிக்கோல் இருந்தது. வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவரைத் திட்டுவதற்காகத் திறந்த என் வாய் திறந்தபடியே இருந்தது.

"நான்தான்" என்றேன்.