மார் தியா

மடிக்கணினித் திரையில் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கை முடித்துக்கொண்டிருந்தது. அடுத்தது ஆசிஃபின் மேல்முறையீடு. பூனாவின் கசார்வாடிப் பட்டறையில் கூட்டாளி டேனியலைக் கொன்றதாக அவனுக்கு ஆயுள் தண்டனை. பார்த்தவர் இல்லை, ஆயுதமும் கிடைக்கவில்லை. அன்று மாலை பக்கத்துக் கடை தேஜஸிடம் அவன் இந்தியில் சொன்ன ஒரு வரிதான் சாட்சியம்: ‘மைனே டேனியல் கோ மார் தியா.’ டேனியலைக் கொன்றுவிட்டேன். அறைந்ததைத்தான் சொன்னேன் என்று ஆசிஃப் மன்றாடியதைக் கீழ் நீதிமன்றம் நம்பவில்லை.

பூனாவின் கட்கியில், அவனுடைய வழக்கறிஞர் கீர்த்தியின் அறை மூலையில், ஆசிஃபின் மனைவி அனீசா உட்கார்ந்திருந்தாள். கைபேசி ஒலித்தது. மகள் ஃபிசாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்.

“ஹான் தாயி, ஃபிசா கோ மைனே மார் தியா. இஸ்லியே ரோத்தி ஹை.” அதனால்தான் அழுகிறாள் என்று அனீசா இந்தியில் சொன்னாள்.

கீர்த்தி திடுக்கிட்டாள். “அக்கா, குழந்தைய என்ன பண்ணீங்க?”

“ஒரு அடி அடிச்சிட்டேன். செவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்கா, சனியன்.”

“அது ‘மாரா’ க்கா. ‘மார் தியா’ன்னா கொன்னுட்டேன்.”

“அடிச்சேன்னா மாரா. அடிச்சிட்டேன்னா மார் தியாதானே? எங்க வூட்ல அப்படித்தான் பேசுவோம். அவுகளும்தான்.”

கீர்த்தி பூனாவில் பிறந்தவள். அந்தப் பிழை அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. அதனால்தான் இத்தனை நாள் காதிலும் விழவில்லை.

வழக்கு அழைக்கப்பட்டது. கீர்த்தி இதைச் சொல்லி முடித்ததும் இரு நீதிபதிகளில் மூத்தவர் குறுக்கிட்டார். “வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்பதற்குச் சாட்சியம் எங்கே? இங்கே புதிதாக எதையும் ஏற்க முடியாது.”

“பழையதையே படிக்கிறேன். குறுக்கு விசாரணையில் தேஜஸ்: ‘அப்படிச் சொல்லிவிட்டு, காலையில் போய் டேனியலிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான்.’ கொன்றுவிட்ட ஆளிடம் காலையில் யார் மன்னிப்புக் கேட்கப் போவார்கள்?”

நீதிபதிகள் இருவரும் தலை சாய்த்துப் பேசிக்கொண்டார்கள். ஒலி அணைந்திருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன. அனீசா அந்த உதடுகளையே பார்த்தாள். மின்விசிறிச் சத்தம் அறை முழுவதும் நிறைந்தது.

ஒலி வந்தது. மூத்தவர் ஆங்கிலத்தில் நெடுநேரம் சொல்லச் சொல்ல யாரோ தட்டச்சு செய்தார்கள். கீர்த்தி அனீசா பக்கம் திரும்பினாள்.

“ரிலீஸ் க்கா.”

“அவுக செய்யலன்னு சொன்னாங்களா?”

“இல்ல… செஞ்சார்னு சொல்ல சாட்சி பத்தாதுன்னாங்க.”

அனீசா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“வரட்டும். டேனியலோட அம்மா எங்க சந்துலதான் இருக்காங்க. எதுக்க வந்தா நான் என்னன்னு சொல்ல?”

திரையில் அடுத்த வழக்கை அழைத்தார்கள்.