ஹைருடின் எழுதிய தூக்க மாத்திரைகள்

மலேசியாவில், தைப்பிங் ஊரின் ஒரு தனியார் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்த ரொஹானாவுக்கு, டாக்டர் ஹைருடினைப் பழிவாங்க ஏழு வருஷம் பிடித்தது.

அவள் அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. சரியாகத் தூக்கம் இல்லை என்று போனவருக்கு, ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரைகளோடு ஒரு தூக்க மாத்திரையும் எழுதிக்கொடுத்தார் ஹைருடின். சீட்டைப் பார்த்ததும் ரொஹானா அவர் அறைக்கே போனாள்.

“டாக்டர், இந்த வயசுல இது வேணாமே. தலை சுத்தி விழுந்துடுவாரு.”

“மாத்திரைய எண்ணிப் போடுறதுதாம்மா உங்க வேலை,” என்றார், சுற்றி நின்ற பயிற்சி டாக்டர்களைப் பார்த்துக்கொண்டே. “எழுதுறது என் வேலை.”

எல்லோரும் சிரித்தார்கள். ரொஹானா கீழே வந்து எண்ணிப் போட்டாள்.

பதினோராம் நாள் அப்பா கழிவறை வாசலில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கையாகி, நெஞ்சில் சளி கட்டி, நாற்பது நாளில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த ஹைருடின், “வயசாயிடுச்சுல்ல, என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புகார் எழுதிப் பார்த்தாள். கிழவர் விழுந்ததற்கு மாத்திரைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது எனத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாதுதான். நூறு ஆளை வைத்துச் சொல்லலாமே என்று தோன்றியது அவளுக்கு.

வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூர் போய் முதியோருக்கான மருந்துகளைப் பற்றி மேற்படிப்பு படித்தாள். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு எந்த மருந்து ஆகாது, ஏன் ஆகாது என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தேடித் தேடி வாசித்தாள். பிறகு அதே ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்து, முதியோர் வார்டுகள் இரண்டிலும் தூக்க மாத்திரைகளைக் குறைத்துப் பார்க்க அனுமதி கேட்டாள். சிஸ்டர் லாய் பார்த்துக்கொண்ட வார்டு சரி என்றது. இன்னொன்று ஹைருடினுடையது. ‘என் வார்டில் இவர் தலையிட வேண்டாம்’ என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

முதல் வாரமே ரொஹானா சறுக்கினாள். ஒன்பது வருஷமாகத் தூக்க மாத்திரை போட்டுவந்த மாக் செமா என்ற கிழவிக்கு, வார்டின் இளைய டாக்டரிடம் கையெழுத்து வாங்கி ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் கிழவிக்குக் கை கால் நடுங்கியது. சொந்த மகளையே யார் என்று கேட்டாள்.

“படிச்சவங்க வைத்தியம்,” என்று சிரித்துவிட்டுப் போனார் ஹைருடின்.

சிஸ்டர் லாய் அவளை நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “உனக்கு அவர் மேல கோவம். அதுக்கு இந்தக் கிழவி உடம்புதான் கெடச்சுதா?”

ரொஹானா படித்ததையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தாள். நிறுத்தச் சொன்ன ஆய்வுகளைத் தேடித் தேடி வாசித்தவள், எப்படி நிறுத்துவது என்ற பக்கங்களை அவசரத்தில் தாண்டிப் போயிருந்தாள். மாத்திரையைத் திரும்பக் கொடுக்கவைத்தாள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு கால் பங்காகக் குறைத்தாள். பகலெல்லாம் மாக் செமாவின் கட்டிலருகே இருந்தாள். கிழவி தெளிந்து, “எனக்குக் கஞ்சி வேணாம், கறி கொண்டு வா” என்று கத்தியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நோயாளிகளுக்கு அவசரப்படவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

ஆறு மாதம் கழித்து, டாக்டர்கள் எல்லோரும் கூடிய கூட்டத்தில் கணக்கைக் காட்டினாள். சிஸ்டர் லாயின் வார்டில் முந்தைய ஆறு மாதத்தில் விழுந்தவர்கள் முப்பத்தொரு பேர். இப்போது பன்னிரண்டு.

ஹைருடின் சாய்ந்து உட்கார்ந்தார். “புதுசா சுவரெல்லாம் கைப்பிடி போட்டாங்க. அதனால கொறஞ்சிருக்கும். இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?”

இந்தக் கேள்விக்காகத்தான் ரொஹானா காத்திருந்தாள்.

“கைப்பிடி உங்க வார்டுலயும் போட்டாங்க, டாக்டர். மாத்திரைய மட்டும் கொறைக்கல. நான் வரக் கூடாதுன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்க. அங்க முன்னாடி விழுந்தவங்க இருபத்தெட்டு. இப்ப இருபத்தொம்பது.”

அவள் விடவில்லை. அந்த இருபத்தொன்பது பேரில் தூக்க மாத்திரை சாப்பிட்ட பத்தொன்பது பேரின் பெயரையும் வயதையும் உடைந்த எலும்பையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். “கையெழுத்து, டாக்டர் ஹைருடின்” என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. அவளுக்கு அது இனித்தது.

வெளியே வந்தபோது அவர் கேட்டார்: “என் மேல உங்களுக்கு அப்படி என்ன பகை?”

“எங்கப்பாவ ஞாபகமில்லையா?”

அவர் யோசித்தார். நிஜமாகவே ஞாபகம் இல்லை. அதுதான் அவளை அன்று முழுவதும் எரித்தது.

அறுபத்தைந்து தாண்டிய யாருக்கும் மருந்தகத்தைக் கேட்காமல் தூக்க மாத்திரை எழுதக் கூடாது என்று விதி வந்தது. அன்றிலிருந்து ஹைருடின் போன் செய்ய வேண்டியிருந்தது.

“ஹைருடின் பேசுறேன். எண்பத்தோரு வயசு அம்மா. தூக்கம் வரலைங்கறாங்க. எழுதலாமா?”

“வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

பட்டியல் அவள் எதிரே திரையில்தான் இருந்தது. ஆனாலும் ஒன்பது பெயரையும் அவர் வாயால் சொல்லவைத்தாள்.

“வேணாம், டாக்டர். சாயங்காலம் போடுற நீர் மாத்திரைய காலையில மாத்துங்க. ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிக்காம தூங்குவாங்க.”

“சரி,” என்றார். அடுத்த நாள் அந்த அம்மா தூங்கினாள் என்று அவரே சொல்லவும் செய்தார்.

பக்கத்தில் நின்ற சிஸ்டர் லாய்க்குப் பொறுக்கவில்லை. “போதும்டி. மனுஷன் மாறிட்டாருல்ல. விட்டுடேன்.”

ரொஹானா போனை வைத்தாள். “அவர் ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு, சிஸ்டர்.”